71 வயது அம்மாவுடன் சென்னையிலிருந்து நெல்லைக்கு இரவுப் பேருந்து: எங்கே ஏறுவது, எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது, எங்கே இறங்குவது?

#1 — பெரம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது. சென்ற மாதம் வலது கண்ணில் கண்புரை அறுவை செய்துகொண்டு, எங்களோடு பெரம்பூரில் தங்கியிருக்கிறார். பயணம் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், அடுத்த வாரம் அவரைக் கல்லிடைக்குறிச்சியில் உள்ள எங்கள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். நெல்லை விரைவு வண்டியிலும் வந்தே பாரத்திலும் இடம் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலை நம்பிக் கடைசி நாள் வரை உட்கார்ந்திருக்க எனக்குத் துணிவில்லை.

நான் தொலைதூரப் பேருந்தில் ஏறிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்போதெல்லாம் கோயம்பேட்டுக்குப் போனால் போதும். இப்போது கிளாம்பாக்கம், மாதவரம், கோயம்பேடு என்று மூன்று பெயர்கள் காதில் விழுகின்றன. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும். எந்தப் பேருந்து நிலையத்துக்குச் செல்ல வேண்டும், படுக்கை நல்லதா இருக்கை நல்லதா, மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா, நெல்லையில் எங்கே இறங்கினால் கல்லிடைக்குறிச்சிக்குப் போக வசதி என்பவற்றை, அண்மையில் பயணம் செய்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

#2 — தாமிரபரணிக்கரை

வணக்கம் அம்மா. மாதம் ஒருமுறையாவது இந்த வழியில் போய் வருபவன் என்பதால், முதலில் ஏறும் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் அனுபவத்தில் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டது. அதன்பின் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படத் தொடங்கின. 2024 ஜனவரி இறுதியில் மற்ற அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் தென்திசை வண்டிகளும் அங்கே மாறின. கோயம்பேட்டிலிருந்து அந்த முனையம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே இருக்கிறது. பெரம்பூரிலிருந்து மாலை நேர நெரிசலில் கார் பிடித்துப் போனால் இரண்டு மணி நேரம் ஆகும் என்றே கணக்கு வையுங்கள். இரவு 8 மணி வண்டிக்கு ஐந்தரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் பாதுகாப்பு.

புறநகர் ரயிலில் போக நினைத்தால், பெரம்பூரிலிருந்து கடற்கரை நிலையம் வரை செல்லும் வண்டி ஒன்றைப் பார்த்து ஏறி, கடற்கரையில் செங்கல்பட்டு வண்டிக்கு மாறுங்கள். சென்ட்ரலில் இறங்கிப் பூங்கா நிலையத்துக்குச் சுரங்கப்பாதையில் நடப்பதைவிட இது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எளிது. கடற்கரையில்தான் வண்டி புறப்படுகிறது என்பதால் உட்கார இடமும் கிடைக்கும். வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ எடுக்க வேண்டும். பெட்டிகள் அதிகம் என்றால் இந்த வழி வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் இருப்பது பெரம்பூர். மாதவரம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். அரசுப் போக்குவரத்துக் கழக முன்பதிவுத் தளத்தில் புறப்படும் இடத்தை மாதவரம் என்றும் கோயம்பேடு என்றும் கொடுத்து ஒருமுறை தேடிப் பாருங்கள். உங்கள் தேதியில் அங்கிருந்து ஒரு வண்டி அமைந்துவிட்டால் இரண்டு மணி நேர அலைச்சல் மிச்சம்.

#3 — முன்னாள் நடத்துநர்

நான் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 1997-இல் பெயர் மாறும்வரை அது திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம். நெல்லைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ‘திருவள்ளுவர் பஸ்’ என்றுதான் சொல்வார்கள். உங்கள் அம்மாவும் அப்படிச் சொல்லக்கூடும்.

கட்டணச் சலுகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 டோக்கன் கொடுக்கிறார்களே, அது மாநகரப் பேருந்துக்கு மட்டும் உரியது. மகளிர் விடியல் பயணமும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்குத்தான். விரைவுப் பேருந்தில் இரண்டும் செல்லாது. முனையத்துக்கு வந்த பிறகு நடத்துநரிடம் இதற்காக வாதாடி மனம் நோகும் பெரியவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே அவரிடம் எடுத்துச் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உடன் வருவதானால், 5 வயது வரை கட்டணம் இல்லை, 5 முதல் 12 வரை அரைக் கட்டணம். 2022 வரை கட்டணமில்லாப் பயணத்துக்கான எல்லை 3 வயதாக இருந்தது.

இப்போது கழிவறை. இதை யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வண்டியேறும் முதியவர்கள் பலர். அது ஆபத்து. தண்ணீரை நிறுத்தக் கூடாது. மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. பயண நாளன்று அந்த மாத்திரையை எந்த நேரத்தில் கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பு முனையத்துக் கழிவறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பயணச்சீட்டைப் பார்க்க நடத்துநர் வரும்போது, “அம்மாவுக்கு இடையில் இறங்க வேண்டியிருக்கும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று வழிநெடுகச் சுங்கச்சாவடிகள் உண்டு. அவற்றை ஒட்டிக் கழிவறைகளும் இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் எந்த ஓட்டுநரும் ஐந்து நிமிடம் ஒதுக்குவார். நள்ளிரவில் புறவழிச்சாலையின் நடுவில் திடீரென நிறுத்தச் சொன்னால்தான் அவருக்குச் சங்கடம்; அங்கே நிறுத்துவதும் பாதுகாப்பல்ல. கழிவறை உள்ள கிளாசிக் வகை வண்டி உங்கள் தேதியில் இருந்தால் தயங்காமல் அதையே எடுங்கள்.

நெடுந்தூர வண்டிகளில் நடத்துநரே ஓட்டுநராகவும் இருப்பார் என்பது பலருக்குத் தெரியாது. முன்பாதி ஒருவர், பின்பாதி ஒருவர் ஓட்டுவார்கள். நீங்கள் சொல்லி வைத்தவர் நள்ளிரவுக்குப் பிறகு ஸ்டீயரிங்கில் இருக்கலாம். ஆகவே இருவர் காதிலும் விஷயம் விழுந்திருப்பது நல்லது.

#4 — கரூர் பட்டறை

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். படுக்கையா இருக்கையா என்ற கேள்விக்கு, வண்டி எப்படிக் கட்டப்படுகிறது என்ற பக்கத்திலிருந்து பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

வண்டியின் குலுக்கல் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குக் குலுக்கல் குறைவு. பின்சக்கரத்துக்குப் பின்னால் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நீண்டு நிற்கும் பகுதியில், சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அது பன்மடங்காகத் தெரியும். கடைசி நீள இருக்கையில் உட்கார்ந்தவர் துள்ளி விழுவது அதனால்தான். கண் அறுவைக்குப் பிந்தைய நாட்களில் அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சக்கரத்தின் நேர் மேலே உள்ள இருக்கையில் கால் வைக்கும் தளம் சற்றே உயர்ந்திருப்பதும் உண்டு. முழங்கால் வலி உள்ளவருக்கு மடக்கிய காலோடு இரவு முழுவதும் இருப்பது தண்டனை. முன்பதிவு வரைபடத்தில் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் பாருங்கள்.

மேல் படுக்கை வேண்டவே வேண்டாம். உயரம் கூடக் கூட ஆட்டம் கூடும் என்பது ஒன்று. அந்தச் சின்ன ஏணியில் இருட்டில் இறங்குவது மற்றொன்று. குளிர்சாதனம் இல்லாத இருக்கை-படுக்கை வண்டிகளில் பெரும்பாலும் கீழே இருக்கைகளும் மேலே படுக்கைகளுமாக அமைத்திருப்பார்கள். ‘படுக்கை’ என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பதிவு செய்தால் மேலே போய் மாட்டிக்கொள்வீர்கள். கீழ்ப்படுக்கை வேண்டுமென்றால் முழுப் படுக்கை வசதி கொண்ட குளிர்சாதன வண்டிதான் சரி.

#5 — கூடுவாஞ்சேரி

கரூர் நண்பர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் கீழ்ப்படுக்கை எல்லா முதியவர்களுக்கும் நல்லது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் மாமியாரைச் சென்ற ஆண்டு மதுரைக்குக் கீழ்ப்படுக்கையில் அழைத்துப் போனேன். அந்தப் படுக்கை தரையோடு ஒட்டினாற்போல் அத்தனை தாழ்வு. எழுந்து நிற்பதற்கு முழங்காலில் பலம் வேண்டும்; பிடிமானத்துக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் நான் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது சாய்வு இருக்கையில் வந்தோம். இரவு முழுவதும் சரியாகத் தூக்கம் இல்லை என்றாலும், ‘இதுவே தேவலை’ என்றார்.

உங்கள் அம்மா வீட்டில் தாழ்வான கட்டிலிலிருந்து தாமாக எழுகிறாரா என்று பாருங்கள். எழுந்தால் படுக்கை, இல்லையென்றால் நடுப்பகுதியில் நடைபாதை ஓர இருக்கை. இருக்கையில் வருவதானால் மணிக்கு ஒருமுறையாவது பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். காலைத் தொங்கப்போட்டு அசையாமல் இருந்தால் வீங்கிவிடும். நெடுநேரம் அப்படியே இருப்பதால் காலில் இரத்தம் உறையும் அபாயமும் இருக்கிறது. ஒரு சின்னத் தோள்பையை அவர் காலடியில் வைத்தால் முட்டுக்கொடுக்க உதவும்.

கண் சொட்டு மருந்து, மாத்திரை, மருத்துவச் சீட்டு, ஒரு மாற்றுடை, போர்வை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். எதையும் டிக்கியில் போடும் பெட்டியில் வைக்காதீர்கள். நள்ளிரவில் டிக்கியைத் திறக்கச் சொல்ல முடியாது. குளிர்காற்று நேராகக் கண்ணில் அடிக்காதபடி மேலே இருக்கும் காற்றுத் துளையைத் திருப்பி மூடிவிடுங்கள். அறுவையின்போது கொடுத்த கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

#6 — பெரம்பூர்வாசி

இவ்வளவு அக்கறையோடு பதில் எழுதியவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் கேட்டேன். மாத்திரையைப் பயண நாளில் காலையிலேயே கொடுத்துவிடச் சொன்னார். அம்மா கட்டிலிலிருந்து தாமாகவே எழுகிறார், ஆனால் கையை ஊன்றித்தான். நாங்கள் தேடிய நாளில் மாதவரத்திலிருந்து பொருத்தமான நேரத்தில் வண்டி கிடைக்கவில்லை. உறவினர் ஒருவர், “ஆம்னி பஸ் கோயம்பேட்டிலிருந்தே கிளம்புகிறது, அதில் போ” என்கிறார். இன்னொருவர் ஆம்னியும் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டது என்கிறார். எது உண்மை?

#7 — தாமிரபரணிக்கரை

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. 2024 ஜனவரியில் ஆம்னி பேருந்துகளும் கிளாம்பாக்கத்திலிருந்தே புறப்பட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலமாக, கோயம்பேட்டில் உள்ள அவர்களது பணிமனைகளிலும் போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளிலும் பயணிகளை ஏற்றி இறக்க அனுமதித்தது. அதனால் ஒரே நிறுவனத்தின் ஒரே வண்டிக்குக் கைப்பேசிச் செயலியில் நான்கைந்து ஏறுமிடங்கள் காட்டும்.

இங்கேதான் கவனம் வேண்டும். ‘கோயம்பேடு’ என்று செயலியில் இருந்தால் அது நமக்குப் பழக்கமான பேருந்து நிலையம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பணிமனையின் வாசலாகவோ அலுவலகத்தின் முன்புறமாகவோ இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தனியார் வண்டிக்குப் பதிவு செய்திருந்தேன். சீட்டில் இருந்த இடத்தில் காத்து நின்றபோது, புறப்படுவதற்கு இருபது நிமிடம் முன்பு தொலைபேசியில் அழைத்து, வேறோர் இடத்துக்கு வரச் சொன்னார்கள். மழையில் இரண்டு பெட்டிகளோடு ஆட்டோ தேடி அலைந்து, போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பணமும் திரும்ப வரவில்லை. அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அன்று மதியமே நிறுவனத்தின் எண்ணை அழைத்து, சீட்டில் உள்ள ஏறுமிடத்தையும் நேரத்தையும் வாய்மொழியாக உறுதி செய்துகொள்கிறேன். இடமாற்றம் ஏதும் இருந்தால் அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்கிறேன். எழுத்தில் இருந்தால்தான் பின்னால் பணத்தைக் கேட்க முடியும்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆம்னி பேருந்துகள் ஒப்பந்த ஊர்தி உரிமத்தில் ஓடுபவை. அரசுப் பேருந்துக்கு இருப்பதுபோல் நிர்ணயித்த கட்டணம் அவற்றுக்கு இல்லை. பண்டிகை நாட்களில் அதே இருக்கைக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். போக்குவரத்துத் துறையின் 1800 425 6151 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். குளிர்சாதன வண்டி என்றால் கட்டணத்தோடு 5 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

#8 — ஊன்றுகோல்

நான் இடுப்புக்குக் கீழே போலியோ பாதித்தவன், ஊன்றுகோலின் துணையோடு நடப்பவன். ஆம்னியா அரசுப் பேருந்தா என்ற தேர்வில் மற்றவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அது படிக்கட்டு. உயரமான குளிர்சாதன வண்டிகளில் முதல் படி முழங்கால் உயரத்துக்கு இருக்கும். முனையத்தின் நடைமேடையை ஒட்டி வண்டி நின்றால் அந்த உயரம் பாதியாகக் குறையும். சாலையோரத்தில், சுங்கச்சாவடி அருகில், பணிமனை வாசலில் ஏறினால் தரையிலிருந்து முழு உயரத்தையும் ஏற வேண்டும். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், ஓட்டுநர் ஆரன் அடிப்பார். என்னைப் போன்றவர்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் தொலைவைவிட இதுதான் பெரிய தடை. அதனால் பெரம்பூரிலிருந்து சற்றுக் கூடுதலாகப் பயணித்தாலும் கிளாம்பாக்கத்தில் ஏறுவதையே பரிந்துரைப்பேன். உள்ளே சக்கர நாற்காலி கேட்டு வாங்கலாம். மாநகரப் பேருந்து நிற்கும் பகுதியிலிருந்து வெளியூர் நடைமேடைக்கு நடக்கும் தூரம் அதிகம் என்பதால், காரில் வந்தால் ஓட்டுநரிடம் வெளியூர் முனையத்தின் வாசலிலேயே இறக்கச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்காக: அரசுப் பேருந்தில் நமக்கு 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. முன்பதிவின்போதே அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். நகல் காட்டித் தகராறானதை நானே அனுபவித்திருக்கிறேன்.

#9 — முன்னாள் நடத்துநர்

ஊன்றுகோல் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாற்பது பேரை ஏற்றும் அவசரத்தில் நாங்கள் அதைக் கவனிக்கத் தவறியிருக்கிறோம் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பாட்டு நிறுத்தத்தைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். மாலையில் கிளம்பும் வண்டிகள் பெரும்பாலும் விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் ஏதாவதொரு மோட்டலில் இருபது நிமிடம் நிற்கும். அம்மாவுக்கு வீட்டிலிருந்தே இட்லியோ தயிர்ச்சாதமோ கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அங்கே விலையும் சுவையும் ஒரே சீராக இருக்காது. தண்ணீர்ப் புட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் உணவைவிட முக்கியமானது வேறு. அந்த இடத்தில் ஒரே நிறத்தில் பத்து வண்டிகள் நிற்கும். திரும்பி வரும்போது நம் வண்டி எது என்று தெரியாமல் தவிப்பவர்கள் இல்லாத இரவே கிடையாது. இறங்கும் முன் வண்டியின் பதிவெண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா கழிவறைக்குத் தனியாகப் போவதானால், அவரது கைப்பேசியும் உங்கள் எண் எழுதிய ஒரு தாளும் அவரிடம் இருக்கட்டும். புறப்படுமுன் நடத்துநர் தலை எண்ணுவார், ஆனால் இருட்டில் தூங்குகிறவரையும் காலி இருக்கையில் கிடக்கும் போர்வையையும் அவர் தவறாக எண்ணிவிடக்கூடும். ‘பக்கத்து இருக்கைக்காரர் இன்னும் வரவில்லை’ என்று குரல் கொடுக்க யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

#10 — கரூர் பட்டறை

இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றை எழுதியே ஆக வேண்டும். 2025 அக்டோபர் 24 அதிகாலை, ஐதராபாதிலிருந்து பெங்களூரு சென்ற படுக்கைப் பேருந்து கர்னூல் அருகே இருசக்கர வாகனத்தின் மீது மோதித் தீப்பிடித்து, உள்ளே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்புதான் ராஜஸ்தானில் ஜெய்சால்மர் அருகே ஒரு பேருந்து எரிந்தது. 2013-இல் மகபூப்நகர் அருகே பேருந்து தீப்பிடித்து 45 பேர் இறந்ததை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இன்னும் மறக்கவில்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வண்டியில் ஏறியதும் ஒரு நிமிடம் செலவிட்டால் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் இடத்திலிருந்து அவசர வழி எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். பின்பக்கக் கண்ணாடி, வலப்பக்க அவசரக் கதவு, கூரையில் உள்ள திறப்பு ஆகியவை வழக்கமான இடங்கள். படுக்கை வண்டியில் திரைச்சீலைகளும் தடுப்புகளும் அவற்றை மறைத்துவிடும். புகை சூழ்ந்த பிறகு தேட முடியாது. கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் அதற்குரிய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நடத்துநரிடம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. உடைக்கும்போது நடுவில் அடிக்காமல் மூலையில் அடிக்க வேண்டும். கடினமாக்கிய கண்ணாடி நடுவில் எளிதில் உடையாது, மூலையில் அடித்தால் முழுவதும் பொடிப்பொடியாக உதிரும். முன்கதவு காற்றழுத்தத்தில் இயங்குவது. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் பொத்தான் வேலை செய்யாமல் போகலாம். கதவின் அருகே கையால் திறக்கும் அவசர வால்வு இருக்கும், அதையும் பார்த்து வையுங்கள்.

நடைபாதையில் பெட்டி வைக்காதீர்கள், பிறர் வைத்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். படுக்கையில் படுத்தால் கால் வண்டியின் முன்பக்கம் இருக்கும்படி படுப்பது நல்லது. திடீரென பிரேக் போட்டால் உடல் முன்னோக்கிச் சறுக்கும். அப்போது தலைக்குப் பதில் கால் முட்டும்.

#11 — கூடுவாஞ்சேரி

பெரம்பூர்வாசி அவர்களே, நெல்லையில் இறங்கும் இடத்தைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பக்கம் பழக்கம் குறைவு. தாமிரபரணிக்கரை ஐயா சொன்னால் நன்றாக இருக்கும். இழை நீண்டுவிட்டதால் அவர் பார்க்காமல் விட்டிருக்கலாம்.

#12 — தாமிரபரணிக்கரை

மன்னிக்கவும், விட்டுப்போனது உண்மைதான். சீட்டு எடுக்கும்போதே ‘திருநெல்வேலி’ என்று முடியும் வண்டியாகப் பாருங்கள். நாகர்கோவில், கன்னியாகுமரி, திருவனந்தபுரம் செல்லும் வண்டிகள் பல ஊருக்குள் வராமல் நான்குவழிச் சாலையோடு போய்விடும். கேடிசி நகர் பாலத்தருகே இருட்டில் இறக்கிவிட்டால், அம்மாவை வைத்துக்கொண்டு அங்கிருந்து ஆட்டோ தேட வேண்டும். ஆம்னிகள் சில வண்ணாரப்பேட்டையில் இறக்கும். உங்களுக்கு வேண்டியது வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம். அங்கேயே பாபநாசம், அம்பாசமுத்திரம் வண்டிகள் நிற்கும். இறங்கி நடைமேடை மாறினால் போதும், கல்லிடைக்குறிச்சிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்.

சென்னை-நெல்லை ஏறத்தாழ 620 கிலோமீட்டர். பதினொன்று பன்னிரண்டு மணி நேரப் பயணம். இரவு 8 மணி வண்டி விடிந்த பிறகே நெல்லை சேரும் என்பதால், அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாலை 4 மணி வண்டியில் ஏறினால் அதிகாலை 3 மணிக்கு இறங்கி உட்கார்ந்திருக்க நேரும். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று சுங்கச்சாவடிகள் கழியும். கோவில்பட்டி தாண்டியதும் எழுந்து பொருள்களை எடுத்துவையுங்கள், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும். நடத்துநர் எழுப்புவார் என்று காத்திருக்க வேண்டாம். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

#13 — பெரம்பூர்வாசி

அம்மாவை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். இந்தப் பதிவைக் கல்லிடைக்குறிச்சி வீட்டுத் திண்ணையிலிருந்து எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

கிளாம்பாக்கத்திலிருந்து இரவு எட்டேகாலுக்குப் புறப்படும் அரசு விரைவுப் பேருந்தில், நெல்லை வரை, நடுப்பகுதியில் இரண்டு சாய்வு இருக்கைகள் எடுத்தேன். கீழ்ப்படுக்கைகள் நிரம்பிவிட்டன. ஐந்தே முக்காலுக்குக் காரில் கிளம்பியும் முனையத்தை அடைய ஏழே முக்கால் ஆகிவிட்டது. இன்னும் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருக்க வேண்டும். வாசலிலேயே சக்கர நாற்காலி கேட்டோம், கொடுத்தார்கள். நடைமேடையை ஒட்டி நின்ற வண்டியில் அம்மா யார் உதவியும் இல்லாமல் ஏறினார். சாலையோரத்தில் என்றால் அது நடந்திருக்காது.

நடத்துநரிடம் முதலிலேயே சொன்னோம். அவர், “நானே கூப்பிடுகிறேன், நீங்கள் தூங்குங்கள்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, உணவு நிறுத்தம் போக இரண்டு இடங்களில் வண்டியை நிறுத்தினார். இரண்டாவது முறை எங்களோடு இன்னும் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். அவர்கள் எல்லாரும் கேட்கத் தயங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் வரிசையில் சுத்தியல் இல்லை. கேட்டவுடன் முன்னால் இருந்ததைக் காட்டினார். சாத்தூர் அருகே அரை மணி நேரம் நெரிசல். காலை எட்டு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, பாபநாசம் வண்டியில் முன் இருக்கை கிடைத்து வந்து சேர்ந்தோம். அம்மாவின் கால் சற்றே வீங்கியிருந்தது, மாலைக்குள் வடிந்துவிட்டது.

ஒரு கேள்வி மட்டும் மீதி. ஞாயிறு இரவு நான் தனியாகத் திரும்ப வேண்டும். கிளாம்பாக்கத்தில் அதிகாலை 4 மணிக்கு இறங்க நேர்ந்தால் ஒரு பெண் என்ன செய்வது நல்லது?

#14 — கூடுவாஞ்சேரி

அம்மா நலமாக வீடு சேர்ந்ததில் மிக்க மகிழ்ச்சி. நான் பலமுறை அப்படி இறங்கியிருக்கிறேன். முதலில், பதிவு செய்யும்போது பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். நெல்லையில் இரவு எட்டு மணிக்குப் பிறகு கிளம்பும் வண்டியாக எடுத்தால் இங்கு விடிந்துதான் இறங்குவீர்கள். அப்படியும் இருட்டில் வந்து சேர்ந்தால், பெருங்களத்தூரிலோ தாம்பரத்திலோ வெளியே இறங்க வேண்டாம். வண்டி முனையத்துக்குள் போகும்வரை இருங்கள். உள்ளே வெளிச்சமும் காவல் உதவி மையமும் ஆட்களும் எந்நேரமும் உண்டு. விடியும்வரை அங்கேயே காத்திருந்து, கோயம்பேடு செல்லும் 70வி பேருந்தைப் பிடியுங்கள். வெளியே வந்து அழைக்கும் ஆட்டோக்களில் ஏறாமல், செயலியில் பதிவு செய்து, வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். ஏதேனும் நேர்ந்தால் 112, பெண்களுக்கான உதவிக்கு 181. ஞாயிறு இரவு ஊர் திரும்புவோர் கூட்டம் அதிகம் இருக்கும் என்பதால் சீட்டை இன்றே எடுத்துவிடுங்கள்.